கருவில் அமைந்த ஆறும் செய்வினையும்

நாளை ஒருவன் இன்னது செய்வான் என்பதனை இன்றே துணிதல் கூடுமோ, கூடாதோ என்பது பழையதொரு வினா. கூடும் என்பார்க்கு, அவன் தன் விருப்பத்தாற் செய்கின்றான் என்றல் பெயரளவாய் ஒழியும். கூடாது என்பார்க்கு, ஊழ் வலிதென நூல்கள் கூறுவதும் இறைவன் முற்றறிவினன் என்பதும் இழுக்குறும். இங்ஙனம் இருதலையும் இடர்ப்பாடுடைத்தாய் நிற்றலின், இதனை வீணாய சொற்போர் என ஒதுக்குவாரும் உளர். சைவர்க்கு இஃது அங்ஙனம் ஒதுக்கற்பாலதன்று. நாள்வழிபாட்டினைக் கைவிட்டான் ஒருவன், 'எனக்கு அமைந்தது இவ்வளவே' என்று மனம் ஆறுகின்றான். நெறி பிறழ்ந்த மகனைத் தந்தை, 'இவன் கருவிலேயே இவ்வாறு அமைந்தான்' என்று கைவிடுகின்றான். முன்னவன் தன்னையும், பின்னவன் தன் மகனையும், ஊழின்மேல் வைத்துத் துறந்தனர். இவ்விருவரும் தமக்குச் சான்றென நினைப்பது சிவஞானசித்தியாரின் ஓரிடமாகலின், அவ்விடத்தின் பொருளை ஆராய்ந்து, முன்னறிதற்கும் உயிரின் விருப்பிற்கும் உள்ள இயைபினைத் தெளிதல் இன்றியமையாததாகும்.

ஆறு என்னும் தொகை

அருணந்தி சிவாசாரியர் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்தில் இருவினையை நிறுவுமிடத்து, பேறு, இழவு, இன்பம், பிணி, மூப்பு, சாக்காடு என்னும் ஆறும் உயிர் கருவினுட் படும்போதே அதற்கு அமைந்தன என்று அருளிச்செய்தார். அவற்றிற்கு ஏது முன்செய்த கன்மம் என்பதும், இன்று செய்யும் வினை மேலைக்கு ஆவது என்பதும் அச்செய்யுளிலேயே தொடர்ந்து கூறப்பட்டன. இதனை ஓதுவாருட் பலர் ஆறு என்ற தொகையினை நோக்காது, 'எல்லாம் கருவிலேயே முடிந்தன' என்று பொருள்கொண்டு செல்கின்றனர். ஆசிரியர் எல்லாம் என்றிலர்; ஆறு என்றார். தொகை கொடுத்து ஓதியது, அத்தொகையுள் அடங்காதன பிற உள என்பது தோன்றுதற்கேயாம்.

அவ்வாறனுள் யாதானும் ஒன்று செயலாதல் உண்டோ என்று நோக்குக. பேறு வந்தெய்துவது, இழவு நீங்கிப்போவது, இன்பமும் பிணியும் நுகரப்படுவன, மூப்பும் சாக்காடும் உடம்பின்கண் நிகழ்வன. ஆறும் உயிர்க்கு நேர்வனவேயன்றி உயிர் செய்வன அல்ல. ஈதல், கரத்தல், வாய்மை, பொய், கொலை, கொல்லாமை, பூசித்தல், இகழ்தல் என்பன போலும் செயல் ஒன்றேனும் அத்தொகையுள் வைக்கப்பட்டிலது. பொருள் இழத்தல் கருவில் அமைந்தது எனலாம். இழந்தவன் பிறன்பொருளைத் திருடுதல் கருவில் அமைந்தது எனற்கு அச்செய்யுளில் இடமில்லை. பிணி அமைந்தது, பிணியுற்றான் தன்னைப் பேணுவாரை வைதல் அமைந்ததன்று.

மேலும், முன்செய்ததன் பயன் இது, இன்று செய்வது மேலைக்கு ஆவது என்று ஆசிரியர் பிரித்தோதினார். இன்று செய்வதும் முன்செய்ததன் பயனே எனின் அப்பிரிவு பொருளின்றி முடியும். அந்நெறியிற் சஞ்சிதம், பிராரத்தம் என இரண்டு கூறி அமைதல் சாலும். ஆகாமியம் என மூன்றாவதொன்றனை வேறு வைத்தல் வேண்டா. ஆகாமியம் வேறு வைக்கப்பட்டமையின், பிராரத்தத்துள் அடங்காத செயல் உயிர்க்கு உண்டென்பது தானே பெறப்படும். இதனை உழவன்பால் வைத்துக் காண்க. சென்ற ஆண்டின் விளைவு அவன் களஞ்சியத்தில் உள்ளது. அஃது எத்தனை கலம் என்பதனை அளந்து கூறலாம். அதில் எவ்வளவு உண்பான், எவ்வளவு விதைப்பான், எவ்வயலில் விதைப்பான் என்பன களஞ்சியத்தை அளந்தவன் தன் அளவைகொண்டு கூறற்பாலன அல்ல.

அளவையியல் தரும் துணை

இப்பொருளே அருணந்தி சிவாசாரியரின் கருத்தென்பதற்கு அவர் அளவையியலும் துணைநிற்கின்றது. ஆண்டு அவர் அனுமானத்தினைப் பூர்வக்காட்சி அனுமானம், கருதல் அனுமானம், உரையால் அனுமானம் என மூன்றாக வகுத்தார். மணத்தைக்கொண்டு மலரை அறிவது முதலாவது. ஒருவன் பேசும் சொல்லைக்கொண்டு அவன் அறிவின் அளவை உணர்வது இரண்டாவது. இப்போது நுகர்வது முன்னைவினையின் பயன் என்றும், இப்போது செய்யும் கன்மம் மேற்பயன் தருவதென்றும் நூலுரை கொண்டு உணர்வது மூன்றாவது.

இம்மூன்றாவது அனுமானத்தின் இரண்டு கூறுகளும் வினையினின்று பயனுக்குச் செல்வன. முன்னைவினையினின்று இன்றைய வினைக்குச் செல்லும் அனுமானம் ஒன்று ஆண்டு ஓதப்பட்டிலது. வினையால் வினையைத் துணிதல் அவர் கருத்தாயின், அதனை ஓதுதற்கு அதனினும் உரிய இடம் வேறில்லை. ஓதாமையின், அங்ஙனம் துணிதற்கு நூலுரை சான்றாகாதென்பது அவர்க்கு உடன்பாடாதல் தெளிவு.

மணிமேகலையில் அளவைவாதி தன் திறம் உரைக்குமிடத்து, கருக்கொண்ட முகிலைக் கண்டு மழை பெய்யும் என்பதனை முதல் என்றும், வெள்ளத்தைக் கண்டு மேலிடத்தே மழை பெய்தது என்பதனை எச்சம் என்றும் கூறுவான். வெள்ளம் வந்தபின் மழை பெய்ததோ என ஐயுறுவார் இலர். முகில் கருத்தபின்னும் காற்று அதனைக் கொண்டேகல் உண்டு. மக்கள் செயலை முன்னறிந்து கூறுவார் அனைவரும், சோதிடராயினும் கணிதராயினும், முகில்கண்டு மழை கூறுவார் நிலையினரே. அவர் கூற்றுப் பலகால் உண்மையாம். பலகால் உண்மையாதல் வேறு, தப்பாமை வேறு.

குறள்பற்றி எழும் தடை

அற்றேல், திருவள்ளுவர் ஊழ் என்னும் அதிகாரத்து முதற்கண்ணே, பொருள் ஆதற்குரிய ஊழால் ஊக்கம் தோன்றும், போதற்குரிய ஊழால் மடி தோன்றும் என்றார். அடுத்து, இழவூழ் அறிவை மழுக்கும், ஆகலூழ் அதனை விரிக்கும் என்றார். ஊக்கமும் அறிவும் ஊழின் வழியவாயின், செயலும் ஊழின் வழியதே. ஆகவே நுகர்ச்சி மாத்திரையே கருவில் அமைந்தது என்றல் பொருந்தாது எனின், இத்தடை எளிதிற் கழித்தற்பாலதன்று.

இதற்கு விடை அவ்வாசிரியர் வாக்கினின்றே கொள்ளற்பாலது. பொருட்பாலில் ஆள்வினையுடைமை கூறுமிடத்து, தளராது முயல்வார் ஊழினையும் புறங்காண்பர் என்று அவரே கூறினார். ஊக்கம் முழுதும் ஊழே எனின், ஊழை ஊழே புறங்காணும் என்பதாய் அக்குறள் நகைக்கிடமாம். ஆகலின் இரண்டிடத்தும் சொற்கள் நின்ற நிலையை நோக்கல் வேண்டும். ஊழதிகாரத்தில் ஊக்கமும் மடியும் 'தோன்றும்' என்றார். தோன்றுதல் வந்துறுதலாம். ஆள்வினையதிகாரத்தில் தாழாது 'உஞற்றுதல்' கூறினார். உஞற்றுதல் செய்து நிற்றலாம். பிராரத்தம் உயிரை வந்துறும் வழிகளுள் மனமும் ஒன்று. பசிபோலவும் நோய்போலவும் ஒரு சோம்பலும், ஒரு கிளர்ச்சியும், ஒரு வெகுளியும் உள்ளத்தே வந்து தோன்றும். அத்தோற்றம் நுகர்ச்சியின் பாற்படும். அதன் வரவு முன்னைவினையான் ஆவது. தோன்றிய வெகுளிக்கு உடம்பட்டு நாவை ஓட்டுவதும், உடம்படாது அடக்குவதும் செயலின் பாற்படும். வெகுளி வரும் என்பதனை அவன் இயல்பறிந்தார் முன்னறியலாம். அவன் அதற்கு உடம்படுவான் என்பதனையும் பலகால் முன்னறியலாம். எனினும் வந்தது காரணமாக உடம்பாடு தானே வந்ததென்றல் இரண்டினையும் ஒன்றாக மயங்குதலாம்.

அவ்வாறெனினும் இடைவிடாது உடம்பட்டு வந்தவற்கு அவ்வுடம்பாடே பழக்கமாய் வலுப்பெறும். அதனை வாசனை என்பர். வாசனை மிக்கவழி உயிர் தன் விருப்பை உடையதாயினும், ஏரிற் பழகிய எருது படைச்சாலில் தானே செல்லுமாறுபோல, ஒருவழியே செல்லும். இவ்வெல்லையிலேதான் மக்கள் செயல் பெரிதும் முன்னறியப்படுகின்றது. அங்ஙனம் அறியப்படுவது உயிரின் தன்னியல்பன்று. அதனைப் பற்றிய பாசத்தின் பழக்கமே.

நியதிவாதமும் இற்றைநாட் கணக்கும்

எல்லாம் நியதியான் ஆவன, முயற்சி என்பதொன்று இல்லை என்றார் ஆசீவகர். அவர் முதல்வனாகிய மற்கலி, உருட்டிவிட்ட நூலுருண்டை நூல் முடியுமளவும் அவிழ்ந்தோடுமாறுபோல, அறிஞரும் பேதையரும் ஒரேவகையாகப் பிறந்துழன்று துன்பம் நீங்குவர் என்று கூறியதாகப் பௌத்தரது தீகநிகாயம் காட்டும். தமிழில் நீலகேசி ஆசீவகவாதச் சருக்கத்தில் அவர் கொள்கையை எடுத்து மறுக்கின்றது. சைவமும் நியதியை உடன்படும், உடன்படுமிடம் வேறு. காலம், நியதி, கலை, வித்தை, அராகம், புருடன், மாயை என்னும் வித்தியாதத்துவம் 7-னுள் நியதி ஒன்று. ஒருவன் செய்த வினையின் பயனைப் பிறனொருவன் நுகராது செய்தவனே நுகருமாறு வரையறுப்பது அதன் தொழில். அஃது அறிவில்லாத சடம். இறைவன் ஆணைவழி நிற்பது. கணக்கெழுதி இன்னார்க்கு இவ்வளவென வரையறுக்கும் கணக்கனை அரசனாக்கினாற் போல்வது ஆசீவகர் கொள்கை. கணக்கன் வேண்டும் என்பது சைவம். அவனே அரசன் என்பதனை மறுப்பதும் சைவம்.

மேனாட்டில் இவ்வாதம் வேறுருக்கொண்டு எழுந்தது. பிரான்சு நாட்டுக் கணிதராகிய இலாப்பிலாசு 1814-ஆம் ஆண்டில், உலகத்துப் பொருள்கள் ஒவ்வொன்றின் நிலையையும் அவற்றை இயக்கும் விசைகளையும் ஒருங்கே அறியும் அறிவொன்று உளதாயின், அதற்குச் சென்றகாலம்போல வருங்காலமும் கண்முன் நிற்கும் என்றார். 1857-இல் ஆங்கிலேயராகிய பக்கிள் தம் வரலாற்று நூலில், மறதியால் முகவரி எழுதாது அஞ்சலில் இடப்படும் கடிதங்களின் விழுக்காடு இலண்டனிலும் பாரிசிலும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே அளவினதாய் நிற்றலை எடுத்துக்காட்டி, மக்கள் மறதிக்கும் மாறா விதியுண்டு என்றார்.

இவற்றுட் பக்கிள் காட்டிய கணக்கு மறுக்கற்பாலதன்று. அதனினின்று அவர் கொண்ட முடிபே ஆராயற்பாலது. இத்தனை கடிதம் முகவரியின்றி வரும் என்று அக்கணக்குக் கூறும். எவன் மறப்பான் என்று கூறமாட்டாது. தேர்த்திருவிழாவில் இத்துணைக் கூட்டம் வரும் என்று கோயிலார் அறிந்து அன்னம் சமைப்பர். அதனால் இன்னவன் வந்தே தீர்வான் என்பது துணியப்படாது. பலர்க்கும் பொதுவாய வாசனையும் வாழ்க்கைநிலையும் தொகையை ஒருவாறு நிறுத்துகின்றன. தொகையின் நிலைபேறு தனியுயிரின் கட்டாகாது. மறதியோ செயலும் அன்று, செயலின்மையாம். மறதியின் கணக்கால் அறமும் மறமும் கட்டுண்டன எனல் அதனினும் வழூஉ.

இனி, மூளையின்கண் நிகழும் மின்னிகழ்ச்சிகளை அளந்தார் கூற்று. அமெரிக்க ஆராய்ச்சியாளராகிய இலிபெத்து என்பாரும் அவர் கூட்டத்தாரும் 1983-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒருவன் கையசைக்குமுன் ஏறத்தாழ அரைநொடியில் மூளையில் ஆயத்தக்குறி தோன்றுதலையும், அசைப்பேன் என்ற எண்ணம் தனக்கு எழுந்ததாக அவன் கூறும் பொழுது அதற்குப் பிற்பட்டு, அசைவிற்கு ஏறத்தாழ ஐந்திலொருநொடி முன்னதாய் நிற்றலையும் காட்டினர். செருமானியர் 2008-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இடக்கைப் பொத்தானையோ வலக்கைப் பொத்தானையோ அழுத்துக என்று விடப்பட்டார் எதனை அழுத்துவர் என்பது 10 நொடிவரை முன்னதாகவே 100-க்கு 60 அளவிற் சரியாகக் கூறப்பட்டது.

கண்மூடிக் கூறினும் இரண்டிலொன்று சரியாய் 100-க்கு 50 ஆம். மிகுதி 10 ஆகும். அப்பத்தின் பொருட்டு உயிரின் செயலுரிமை வீழ்ந்ததெனல் மிகையாம். 2012-இல் வேறு ஆராய்ச்சியாளர், அவ்வாயத்தக்குறி துணிவின் குறியன்று, இயல்பாய் ஏறியிறங்கும் மூளையசைவு ஓரெல்லையைத் தொடும் தோற்றமேயாதல் கூடும் என்று எழுதினர். இலிபெத்துத் தாமும், எண்ணத்திற்கும் அசைவிற்கும் இடையுள்ள சிறுபொழுதில் அதனை வேண்டாவென நிறுத்தும் வன்மை மனிதற்கு உண்டென்றே கொண்டார். சைவசித்தாந்திக்கு இவற்றாற் புதிதாய் வரும் இடர் ஒன்றுமில்லை. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் சடம் என்பதும், கிளர்ச்சி அவற்றின்கண் முன்னெழ உயிர் அதனைப் பின் பற்றுதல் உண்டென்பதும் அவன் முன்னரே உடன்பட்டன. அன்றியும், இடக்கையோ வலக்கையோ என்பதில் அறமும் இல்லை, மறமும் இல்லை. விருப்பும் வெறுப்பும் இல்லாதவிடத்து உயிர் கரணத்தின் போக்கிற் செல்லுதல் இயல்பே. வினையென்று எண்ணத்தகாததொன்றனைக் கொண்டு வினையுரிமையை அளத்தல் உமியைக் குத்தி அரிசியின் அளவு கூறுதலோடு ஒக்கும்.

முத்தநாதன் கணித்ததும் கணியாததும்

இதுகாறும் கூறியவற்றால், முன்னறியப்படாமையே உரிமை என்று கொள்ளுதற்கு இடமுண்டாதல் கூடும். அதுவும் பிழையே. பெரியபுராணத்து இரு வரலாறுகள் அதனைத் தெளிவிக்கும்.

மெய்ப்பொருள் நாயனாரைப் போரிற் பன்முறை எதிர்த்துத் தோற்றான் முத்தநாதன். வெல்லலாகாமை கண்டு, மேனிமுழுதும் நீறுபூசிப் படையைச் சுவடிக்கட்டினுள் மறைத்து வந்தான். நீறு கண்டவிடத்து அவர் எதிரார் என்பது அவன் கணிப்பு. அக்கணிப்பு ஓரணுவும் பிழைத்திலது. அவர் எதிர்க்கவில்லை. இதனால் நாயனார் விருப்புரிமை அற்றவரோ? அற்றவர் என்னின், அவர் தொண்டினைத் திருத்தொண்டத்தொகையுள் வைத்துப் போற்றுதற்கு ஏதுவில்லை. அவர் செயல் முன்னறியப்பட்டது, அவர் கட்டுண்டமையால் அன்று, கலங்காமையால். எருதின் போக்குப் பழக்கத்தால் அறியப்படும். துருவமீனின் நிலை அசையாமையால் அறியப்படும். இரண்டும் அறியப்படுதலின் ஒன்றென்பார் யார்?

அவ்வரலாற்றில் மற்றொன்றும் நோக்கற்பாலது. குத்துண்டு வீழ்கின்ற நாயனார், வாளோங்கிய தத்தனைத் தடுத்து, அடியார்வேடம் பூண்ட அப்பகைவனை இடையூறின்றி ஊரெல்லை கடத்திவிடப் பணித்தார். அவன் நலமே சென்றான் என்று தத்தன் வந்து கூறுமளவும் உயிர் தாங்கினார். தன்னைக் கொல்வாற்கு அவர் காவலும் தருவார் என்பது முத்தநாதன் கணக்கில் இருந்தது என்று கொள்ளுதற்குச் சேக்கிழார் வாக்கில் இடமில்லை. பகைவன் அவர்பால் அறிந்தது தனக்கு வேண்டுமளவே. கணிப்பவன் அறிவு தான் நின்ற நிலையின் மேற்செல்லாது. தீயோன் நல்லோனைக் கணிக்கும்போது, நல்லோன் இன்னது செய்யான் என்பதனை அறிவான். அவன் எவ்வளவு செய்வான் என்பதனை அறியான்.

இறைவன் அறிவோ அத்தகைய குறையுடையதன்று. திண்ணனார் செயலால் மனம் நொந்த சிவகோசரியார்க்குக் காளத்திநாதர் கனவில் தோன்றி, நாளை மறைந்திருந்து அவன் அன்பின் திறத்தினைக் காண்க என்றருளினார். நாளைச் செயல் இன்றே கூறப்பட்டது. மறுநாள் திருக்கண்ணிற் குருதி பெருகத் திண்ணனார் தம் கண்ணை இடந்து அப்பினார். மற்றைக் கண்ணிலும் குருதி காண, தம் மற்றைக் கண்ணிலும் அம்பினை ஊன்றப் புக்கார். இறைவன் முன்னறிந்தமையின் அக்கண் தானாகவே வந்து அப்பிற்று என்று ஒருவரும் கூறார். அன்பு அவருடையது, கையும் அம்பும் அவருடையன. இறைவன் முன்னரே அறிந்து பிறர்க்குக் கூறியதனால் அவ்வன்பில் ஒருதுளியும் குறைந்திலது. அறியப்பட்ட பொருள் அன்பாயிருந்தமையின், அன்பாகவே அறியப்பட்டது.

செருமானிய அறிஞராகிய காண்டு 1788-இல் வெளியிட்ட தம் நூலில், ஒருவனது உள்ளப்பாங்கினையும் அவனை உந்தும் ஏதுக்கள் அனைத்தினையும் முற்ற அறியவல்லமாயின், அவன் மேற்செய்வனவற்றை ஞாயிற்றுத்திங்கட் கோட்பாடுகளைப்போலக் கணித்துக் கூறலாம், ஆயினும் அவன் உரிமையுடையன் என்றே கொள்ளல் தகும் என்று கூறினார். முன்னறிதலும் உரிமையும் முரணா என்னுமளவில் அவர் கூற்றுச் சித்தாந்தத்திற்கு அணித்தாய் வருகின்றது. அங்ஙனம் முற்ற அறியும் அறிவு யார்க்குரியது என்பதும், அறிந்தவன் அவ்வுயிர்க்கு என்செய்கின்றான் என்பதும் அவர் நூலுள் விடையின்றி நிற்பன. அவ்விடையே அருள் என்று கூறுவது சைவம்.

இறைவன் அறிவும் காலமும்

இறைவன் அறிந்தவாறன்றி ஒன்றும் நிகழாதாகலின், அவன் அறிவே அச்செயலுக்குக் கட்டாம் எனின், அற்றன்று. 'முன்' என்னும் சொல் காலத்தைச் சார்ந்தது. காலமோ வித்தியாதத்துவத்துள் ஒன்றாய் மாயையிற்றோன்றிய சடம். உயிரின் நுகர்ச்சியை இறந்தது, நிகழ்வது, எதிர்வது என எல்லைப்படுத்துவது அதன் தொழில். தத்துவங்கட்கு அப்பாற்பட்ட முதல்வனுக்கு முன்னும் பின்னும் இல்லை. ஆகவே அவனறிவினை 'முன்னறிவு' என்றல் கேட்பார் நிலைபற்றிய உபசார வழக்கே. கோபுரத்தின் மேனிலையில் நிற்பான் தெற்குவீதியும் வடக்குவீதியும் ஒருங்கே காண்பான். வீதியிற் செல்வானுக்கு அடுத்த மூலை இனி வருவது. மேல்நின்றான் காண்டல் கீழ்ச்செல்வான் காலைத் திருப்பாது.

அஃது உவமையளவிற் பொருந்தும்; இறைவன் காண்பான் மாத்திரன் அல்லன், உயிரை உள்நின்று செலுத்துவோனுமாவன்; உயிர்க்குத் தனித்த சுதந்திரம் இல்லை என்பது சித்தாந்தமன்றோ எனின், ஆம். கண்ணுக்கு உயிர் காட்டியும் கண்டும் நிற்குமாறுபோல, உயிர்க்கு இறைவன் காட்டியும் கண்டும் நிற்கின்றான் என்பதே மெய்கண்டார் கருத்து. உயிர் காட்டினாலன்றிக் கண் காணாது. எனினும் காண்கின்ற கண் கல்லன்று. கல்லுக்கு எவ்வளவு காட்டினும் அது காணாது. அதுபோல இறைவன் செலுத்தினாலன்றி உயிர் ஒன்றும் செய்யாது. எனினும் செய்கின்ற உயிர் சடமன்று. ஒரே கதிரொளியில் ஒருமலர் விரிகின்றது, ஒருமலர் அரும்பி நிற்கின்றது, ஒருமலர் வாடுகின்றது. ஒளி பொது, பக்குவம் அவ்வவற்றினது.

சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு. பளிங்கு அடுத்த நிறத்தைக் காட்டும். பளிங்கிற்கும் உயிர்க்கும் உள்ள வேற்றுமை, பளிங்கிற்கு இச்சையில்லை, உயிர்க்கு இச்சை உண்டு என்பதே. எதனையும் சாராது நிற்றல் உயிர்க்கு இயலாது. அவ்வளவில் அதற்குச் சுதந்திரம் இல்லை. பாசத்தைச் சார்தலும் பதியைச் சார்தலும் என இரண்டு அதன்முன் உள்ளன. திருவருள் காட்டியவழி முகந்திரும்புதல் அதற்கு இயலும். அம்முகத்திருப்பமே உயிரின் உரிமை. அது சிறிதாய்த் தோன்றினும் வீடுபேறனைத்தும் அதன்கண் அடங்கிற்று.

அத்திருப்பம் கருவில் அமைந்த ஆறனையும் கடக்கவல்லது என்பதற்கு மார்க்கண்டேயர் சான்றாவர். அவர்க்கு 16 ஆண்டே வாழ்நாள் என்பது மகப்பேறு வேண்டிய தந்தைக்கு இறைவனே அறிவித்தது. சாக்காடு ஆறனுள் ஒன்று. அது குறிக்கவும் பட்டது. அவர் செய்த பூசையோ அவர் செய்வினை. குறித்த நாளில் கூற்றுவன் வந்தான். ஆகவே குறித்தது பொய்த்திலது. அருள் முன்னின்றது, கூற்றுவன் உதையுண்டான். விதித்தது நிகழ்தற்கண்ணும், விதித்தவனைச் சார்ந்தார்க்கு அது துன்பஞ்செய்யாது கழிதற்கு வழியுண்டு என்பதே அவ்வரலாற்றின் பொருள்.

செய்யாத வினைக்குப் பயன்

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், தண்டம்பெற்ற ஒருவன் மீண்டும் குற்றஞ்செய்வானோ என்பதனைக் கணிப்பொறி கொண்டு எண்ணிட்டுரைக்கும் முறை வழக்கில் வந்துளது. காம்பசு என்னும் அத்தகைய கணிப்பினை நீதிபதிகள் நோக்கலாம், ஆயினும் தண்டத்தினை முடிவுசெய்வது அதுவேயாதல் கூடாது என்று விசுகான்சின் மாநிலத்து உச்சநீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்தது. அக்கணிப்பு 100-க்கு ஏறத்தாழ 65 அளவிலேயே சரியாவதென்றும், அத்துறைப் பயிற்சியில்லாத பொதுமக்கள் கணிப்பும் ஏறத்தாழ அவ்வளவிற்றே என்றும் 2018-இல் இரு ஆராய்ச்சியாளர் காட்டினர்.

பிழைபட்ட 35-இல் ஒவ்வொன்றும் ஓருயிர் என்பது ஒருபுறம் நிற்க. நாளை அக்கணிப்பு 100-க்கு 100 சரியாயின் என்செய்வது என்பதே சைவன் விடைகூறற்குரிய வினா. விடை, மேற்கூறியவற்றுள் அடங்கியுளது. முற்றறிவினனாகிய இறைவன் ஒவ்வோருயிரும் மேற்செய்வதனை ஐயமின்றி அறிவான். அங்ஙனம் அறிந்தும், செய்யப்படாத வினைக்குப் பயனை அவன் எவ்வுயிர்க்கும் ஊட்டுவதில்லை. செய்த வினையே சஞ்சிதமாய்த் தொக்குப் பிராரத்தமாய் வருமன்றி, செய்யவிருக்கும் வினை நுகர்ச்சிக்கு வருமென எந்நூலும் கூறிற்றிலது. அறிவில் ஒருசிறிதும் குறையாதவனே அதனைச் செய்யானாயின், 100-க்கு 65 அறியும் பொறியைக்கொண்டு மக்கள் அதனைச் செய்யத் துணிதல் எத்துணைப் பெரும்பிழை! ஆகாமியத்தைப் பிராரத்தம்போல எண்ணித் தண்டித்தலே அப்பிழை. மகனைக் கைவிட்ட தந்தை செய்ததும் அதுவே. அவன் கையிற் பொறி இல்லை; அவ்வளவே வேற்றுமை.

அற்றாயின் முன்னறிதல் வேண்டாவோ எனின், வேண்டும். மாணாக்கன் பக்குவம் நோக்காது ஆசிரியன் தீக்கை செய்தல் கூடாது. மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் எனச் சத்திநிபாதம் நால்வகைப்படுதலின், யார் எதற்குரியர் என்பதனைக் குறிகளான் உணர்தல் அவன் கடன். மருத்துவன் நோயின் போக்கை முன்னறிவது நோயாளியைத் துறத்தற்கன்று; மருந்தளித்தற்கே. அவ்வாறே ஆசிரியனும் தந்தையும் அரசும் மக்கள் இயல்பை முன்னறிதல், வாசனை ஈர்க்குமிடத்துக் கைகொடுத்தற்குப் பயன்படின் அது முறையாம். கைவிடுதற்குப் பயன்படின் முறையன்று.

ஆகவே, கருவில் அமைந்தன ஆறே. செய்வினை அவற்றுள் ஒன்றன்று. பாசத்திற் பழகியார் செயலும், பதியில் உறைத்தார் செயலும் முன்னறியப்படும். இடைநிற்பார் செயல் மக்கள் கணக்கிற் பெரிதும் தவறும். மக்களுட் பெரும்பாலார் இடைநிற்பாரே. இறைவன் அனைத்தும் அறிவான்; அவன் அறிதல் உயிரைக் கட்டுதற்கன்று, பக்குவம் நோக்கி அருளுதற்கு. 'எனக்கு அமைந்தது இவ்வளவே' என்று பூசையை விட்டவன், அமைந்தது எது, தான் விட்டது எது என்பதனை இனியேனும் வேறுபிரித்து நோக்குவானாக. அவன் இழந்த பொருள் கருவில் அமைந்ததாதல் கூடும். இன்று காலை அவன் எடாது வைத்த பூவும் நீரும் கருவில் அமைந்தன அல்ல.

திருச்சிற்றம்பலம்.